மாவு கொட்டும் நாற்காலி, கறுக்கும் கண்ணாடி: பழைய மரச்சாமானுக்கு அறிகுறி பார்த்து வைத்தியம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கியதாக இருக்கட்டும், பாகப்பிரிவினையில் வந்த மேஜையாக இருக்கட்டும், பழைய மரச்சாமான் புது வீட்டுக்குள் நுழைந்த சில வாரங்களில் ஏதாவது ஒரு கோளாறைக் காட்டிவிடும். உடனே தச்சரைக் கூப்பிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளவென்று பாலிஷ் அடித்துவிடுவது நம் ஊர் வழக்கம். பூச்சி அரித்து வீணானவற்றைவிட இப்படித் தேய்த்து வீணானவைதான் அதிகம் என்று நினைக்கிறேன். உப்புத்தாள் மேல்பூச்சோடு நிற்பதில்லை. சாமானின் வயதைச் சொல்லும் தேய்மானம், உளி வெட்டு, ரம்பத் தடம் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துவிடும். அப்புறம் அது எந்தக் காலத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. விற்கப் போனாலும் விலை கிடைக்காது.

அதனால் கீழே வரும் எந்த அறிகுறிக்கும் முதல் வேலை, சாமானைக் கவிழ்த்துப் பார்ப்பது. மேல்பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகக் கை பட்டிருக்கும். அடிப்பக்கத்தைப் பெரும்பாலும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். டார்ச், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சின்னக் காந்தம், டேப், ஒரு கறுப்புத் தாள் இருந்தால் போதும். (நிலைக்கண்ணாடியை மட்டும் கவிழ்க்காதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.)

காலடியில் தூள் விழுகிறது

தூளை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். மாவாக வழுக்கினால் அது மரத்தைத் துளைக்கும் வண்டு. அது வெளியேறிய துளைகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் வட்டமாக இருக்கும். தனித்தனி மணியாக உருண்டால், லென்ஸில் ஒவ்வொரு மணிக்கும் ஆறு பட்டை தெரிந்தால், அது உலர்மரக் கறையான்.

வண்டின் புழு தேடுவது மரத்தில் உள்ள மாவுச்சத்தை. அது இருப்பது மரத்தின் வெளிப்புற வெள்ளைப் பகுதியில். தேக்கின் வைரத்தில், அதாவது உள்ளிருக்கும் கெட்டியான நடுமரத்தில், அதற்குச் சாப்பாடு இல்லை. ஆகவே ஒரு தேக்கு பீரோவில் ஓரச் சட்டத்தின் வெள்ளை மட்டும் உளுத்திருந்தால் பதற வேண்டாம், பாரம் தாங்கும் பகுதி பத்திரமாகவே இருக்கும். கறையான் கதை வேறு. உலர்மரக் கறையானுக்கு மண்ணும் வேண்டாம், ஈரமும் வேண்டாம். நாற்காலிக்குள்ளேயே குடும்பம் நடத்தும். தரையில் துளை போட்டு மருந்து ஊற்றுகிறோம் என்று வருபவர்களால் இதற்கு எந்தப் பயனும் இல்லை, ஏனென்றால் அது தரையிலிருந்து ஏறி வந்ததே இல்லை.

அடுத்த கேள்வி, பூச்சி உயிரோடு இருக்கிறதா என்பது. லாரியில் குலுங்கி வந்த சாமானிலிருந்து ஐம்பது வருஷத்துக்கு முந்தைய தூளும் கொட்டும். ஒருமுறை நன்றாகத் தட்டித் துடைத்துவிட்டு, கீழே கறுப்புத் தாளை விரித்து மூன்று வாரம் நகர்த்தாமல் விடுங்கள். புதுத் தூள் இல்லையென்றால் அது பழைய காயம், விட்டுவிடலாம். துளையின் விளிம்பும் சொல்லும்: உள்ளே வெளிறி, விளிம்பு கூராக இருந்தால் புதியது, அழுக்கும் பாலிஷும் ஏறி மழுங்கியிருந்தால் பழையது.

உயிரோடுதான் இருக்கிறது என்றால், கைக்கடக்கமான பொருளைப் பாலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி, மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே போகும் டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பிரிக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும்வரை உறையோடு இருக்கட்டும், இல்லாவிட்டால் வேர்த்து பாலிஷ் வெளுக்கும். பெரிய சாமானுக்கு, பாலிஷ் படாத பின்பக்கத்திலும் அடியிலும் போராக்ஸ் வகை மரப்பாதுகாப்பு மருந்து பூசுவது நல்லது. பாலிஷ் மேல் பூசினால் உள்ளே இறங்காது. புகை போடுவதென்றால் அதற்கு உரிமம் உள்ளவர்தான் வர வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றும் பாட்டி வைத்தியம் தன்மேல் பட்ட பூச்சியைக் கொல்லும், மற்றதை விட்டுவிடும், கறையையும் தீ அபாயத்தையும் மிச்சம் வைக்கும்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். பூச்சி மரத்துக்குள் சுரங்கம் போடும். மேல்பரப்பில் வாய்க்கால் வெட்டாது. பலகையின் முகத்தில் பாதி திறந்த நீளக் கால்வாய்கள் தெரிந்தால், உளுத்த பழைய மரத்தைப் பிற்காலத்தில் அறுத்துச் செய்த சாமான் அது. மரம் பழசு, மேஜை புதுசு.

நாற்காலி ஆடுகிறது

எந்த மூட்டு ஆடுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஒருவர் இருக்கையை அழுத்தட்டும், இன்னொருவர் ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்துப் பார்க்கட்டும். கழுந்து (மூட்டுத் துளைக்குள் நுழையும் முனை) உடையாமல், பசை மட்டும் விட்டிருந்தால் அது மிகச் சுலபமான பழுது. அந்தக் காலத்துப் பசை விலங்குத் தோலும் எலும்பும் காய்ச்சிய வச்சிரம். வெந்நீரும் சூடும் பட்டால் இளகிவிடும். அதன் பெருமையே அதுதான்: நூறு வருஷம் கழித்தும் மூட்டைக் கழற்றி, சுரண்டி, புது வச்சிரம் வைத்து மறுபடி பூட்டலாம். அங்கே ஃபெவிகால் ஊற்றினால் இன்றைக்கு நன்றாகப் பிடிக்கும். அடுத்த முறை கழறும்போது பசை விடாது, மரம் கிழியும். பக்கவாட்டில் ஆணி அடிப்பது அதைவிட மோசம்.

மூட்டில் குறுக்கே மர ஆணி இருந்தால் அதைத் துளையிட்டு எடுக்காதீர்கள். பின்பக்கத்திலிருந்து மெதுவாகத் தட்டினால் வந்துவிடும்.

வளைத்த மரத்தில் செய்து, வட்ட இருக்கை வைத்த நாற்காலியாக இருந்தால் கதையே வேறு. மிக்கேல் தோனெட் 1859இல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலிதான் இந்த வகைக்கு மூலம். ஆறு மரத்துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு மரையாணி, அவ்வளவுதான். கழற்றிய நிலையில் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகளை அடுக்கிக் கப்பல் ஏற்றினார்கள். திருகாணியை முடுக்க வேண்டிய நாற்காலிக்குப் பசை போடுவது வீண்வேலை. துளை தளர்ந்திருந்தால், அதில் மெல்லிய மரச்சீவலை வச்சிரத்தில் தோய்த்துச் செருகிவிட்டு அதே பழைய திருகாணியை முடுக்குங்கள். 1869இல் தோனெட்டின் காப்புரிமை முடிந்ததும் கோன் முதலிய போட்டிக் கம்பெனிகள் இதே வடிவத்தைச் செய்யத் தொடங்கின, எனவே வடிவத்தை மட்டும் பார்த்து தோனெட் என்று காசு கொடுக்க வேண்டாம். இருக்கை வளையத்தின் உட்புறத்தில் முத்திரையோ ஒட்டுச்சீட்டோ இருக்கிறதா பாருங்கள். அந்தச் சீட்டின் மேல் பாலிஷ் படக் கூடாது. இவை பீச் மரம். தேக்கின் தைரியம் அதற்குக் கிடையாது, பூச்சிக்கு நல்ல விருந்து.

பிரம்பு இருக்கை தொய்கிறது

பிரம்பு அறுந்திருக்காவிட்டால், நாற்காலியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை வெந்நீர்த் துணியால் நன்றாக நனைத்து, நிழலில் ஒரு நாள் காய விடுங்கள். காயும்போது இழுத்துக்கொள்ளும். அறுந்திருந்தால் சட்டத்தைப் பாருங்கள். சுற்றிலும் துளைகள் இருந்தால் கையால் பின்ன வேண்டியது, துளைகளுக்குப் பதில் பள்ளம் ஓடினால் நெய்து வரும் பிரம்புத் தாளைப் பதிக்கலாம். துளை போட்ட சட்டத்தின் மேல் பிரம்புத் தாளை வைத்து ஆணி அடிப்பது சோம்பேறித்தனம்.

மேல்பலகையில் வெள்ளை வளையம்

காப்பி டம்ளர் வேலை. வளையம் வெள்ளையாக இருந்தால் ஈரமோ சூடோ பாலிஷுக்குள்தான் மாட்டியிருக்கிறது, மரம் வரை போகவில்லை. ஆனால் கை வைப்பதற்கு முன் அது என்ன பாலிஷ் என்று தெரிய வேண்டும்.

கண்ணில் படாத இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு சில விநாடி வையுங்கள். பிசுபிசுத்தால் அது அரக்கு, தச்சர்கள் ஸ்பிரிட் பாலிஷ் என்பது இதைத்தான். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் 1920களுக்குப் பிறகு புழக்கத்துக்கு வந்த நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. இரண்டுக்கும் அசையவில்லையா? நம் காலத்து பாலியூரித்தேன் அல்லது மெலமைன். யாரோ ஏற்கெனவே சுரண்டிப் பூசியிருக்கிறார்கள்.

அரக்கு என்றால் வளையம் போவது எளிது. பஞ்சை மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, ஸ்பிரிட்டை ஈரமே தெரியாத அளவுக்குத் தொட்டு, வளையத்தின் மேல் நிற்காமல் வீசி வீசித் தடவுங்கள். நிறுத்தினால் துணி ஒட்டிக்கொண்டு பாலிஷையே பெயர்க்கும். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவே பத்து நிமிஷம் விடுங்கள். முழுதும் போகாவிட்டாலும் நிறுத்திக்கொள்ளலாம், மெழுகு போட்டால் மீதி கண்ணுக்குத் தெரியாது.

வளையம் கறுப்பாக இருந்தால் மரத்துக்குள் போய்விட்டது என்று பொருள். இரும்பும் ஈரமும் மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து உண்டாகும் கறை அது. ஆக்சாலிக் அமிலம் அதை வெளுக்கும், ஆனால் அதற்கு மேல்பூச்சை எடுத்தாக வேண்டும், அந்த அமிலம் விஷமும்கூட. நான் கறையை விட்டுவிடுவேன்.

பலகையில் திடீரென்று வெடிப்பு

ஏசி அறைக்கு வந்துவிட்டதா? மரம் நீளவாக்கில் சுருங்குவது மிகக் குறைவு, அகலவாக்கில்தான் சுருங்கும். சென்னைக் கடற்கரையோரம் பல வருஷம் ஈரக்காற்றில் இருந்த மேஜையை ஏசியின் வறட்சியில் வைத்தால் அகலப் பலகை சுருங்கப் பார்க்கும். சட்டம் விடாமல் பிடித்திருந்தால் பலகை வெடிக்கும். வெடிப்பில் மரத்தூளும் பசையும் அடைத்தால் மழைக்காலத்தில் மரம் ஊதி அந்த அடைப்பையே பிதுக்கித் தள்ளும், அல்லது பக்கத்தில் புது வெடிப்பு வரும். ஏசிக் காற்று நேராகப் படாத இடத்துக்கு மாற்றிவிட்டு ஒரு முழு வருஷம் பாருங்கள். பல வெடிப்புகள் பாதிக்கு மேல் தானாகவே மூடிக்கொள்ளும்.

டிராயர் மழைக்காலத்தில் மட்டும் இறுகினாலும் காரணம் இதுதான். இழைப்புளி போடாதீர்கள், மெழுகுவர்த்தியை ஓரத்தில் தேய்த்தால் போதும். எல்லாக் காலத்திலும் இறுகினால் அடியில் ஓடும் சட்டம் தேய்ந்து டிராயர் கீழே இறங்கியிருக்கிறது. தேய்ந்த இடத்தில் மட்டும் மெல்லிய தேக்குப் பட்டை ஒட்டலாம்.

கண்ணாடியில் கறுப்பும் புள்ளியும்

கடைக்காரருக்கு எல்லாக் கண்ணாடியும் பெல்ஜியம்தான். நாடு எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, முதுகில் என்ன பூச்சு என்பதே நமக்கு முக்கியம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டு முறைகள் இருந்தன. பழையது, வெள்ளீயத் தகட்டின் மேல் பாதரசம் ஊற்றிக் கண்ணாடியில் ஒட்டுவது. புதியது, 1835இல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் காட்டிய வழியில் வெள்ளியை ரசாயனமாகப் படிய வைப்பது. இரண்டும் அந்த நூற்றாண்டு முடியும்வரை பக்கத்துப் பக்கத்தில் ஓடின.

சட்டத்தின் பின்பலகை இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடியின் முதுகில் செம்பழுப்பு வண்ணப்பூச்சு இருந்தால் வெள்ளி. ஓரத்தில் மஞ்சளும் கறுப்புமாக அது மங்கும். பார்க்க ஒரு மாதிரி இருக்குமே தவிர ஆபத்து இல்லை. வண்ணம் ஏதுமில்லாமல் சாம்பல் நிற உலோகம் வெறுமனே தெரிந்தால், பிம்பம் கொஞ்சம் நீலம் பாய்ந்து இருந்தால், சிதைவு கீழ் ஓரத்திலிருந்து தொடங்கியிருந்தால், அது பாதரசக் கண்ணாடி. கீழ்ச்சட்டத்தின் பள்ளத்தில் சின்னச் சின்ன வெள்ளித்துளிகள் உருண்டு நின்றாலும் ஆச்சரியப்படாதீர்கள், அது பாதரசமேதான்.

இதைக் கவிழ்க்கவோ படுக்க வைக்கவோ கூடாது. இத்தனை வருஷம் நின்ற நிலையிலேயே நிற்கட்டும், லாரியிலும் நிமிர்ந்தே வரட்டும். முதுகைத் துடைக்காதீர்கள். சிந்திய துளியை வாக்குவம் கிளீனரால் இழுத்தால் பாதரசம் ஆவியாகி அறை முழுக்கப் பரவும். ஜன்னலைத் திறந்துவிட்டு, கெட்டித்தாளால் ஒன்றுசேர்த்து, இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் அடைத்து, அபாயக் கழிவாகக் கொடுங்கள். குழந்தைகள் படுக்கும் அறையில் இந்தக் கண்ணாடியை மாட்டாதீர்கள். மறுபூச்சு போட்டுத் தருகிறேன் என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். சாமானின் பழமையும் போகும், சுரண்டுபவரின் உடம்பும் கெடும்.

மங்கலே இல்லாமல், பிம்பம் எந்தக் கோணத்திலும் அலையாமல் இருந்தால் வேறு சந்தேகம் வர வேண்டும். உருகிய உலோகத்தின் மேல் மிதக்கவிட்டு அலையில்லாமல் தட்டையாக்கும் இன்றைய மிதவைக் கண்ணாடி முறையை பில்கிங்டன் கம்பெனி அறிவித்தது 1959இல். ஃபெவிகால் சந்தைக்கு வந்ததும் அதே வருஷம்தான். போலியைப் பிடிக்க நினைப்பவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரே தேதி இது.

"இருநூறு வருஷம் சார்" என்கிறார், மனசு ஒப்பவில்லை

ஒப்பாமல் இருப்பதே நல்லது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 1940கள் வரை, பர்மா, மலேயா, இலங்கைத் தொழில் தழைத்த காலத்தில் எழுந்தவை. உள்ளே இருந்த சாமானும் அதே காலத்ததுதான். ஒரு நேர்மையான கடைக்காரர் நூறு, நூற்றிருபது என்பார்.

இங்கிலாந்து, அமெரிக்காக்காரர்கள் எழுதிய வயதுக் கணக்கைப் பார்த்து நம் ஊர்ச் சாமானை எடைபோடுவதுதான் புதிதாகச் சேர்ப்பவர்கள் அடிக்கடி மாட்டும் இடம். கையால் வெட்டிய புறாவால் மூட்டு (புறாவின் வால்போல் விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டுவது) இருந்தால் 1880க்கு முந்தையது என்று அவர்கள் சொல்வார்கள். அங்கே அது ஓரளவு சரி, அதற்குப் பிறகு இயந்திரம் வெட்டத் தொடங்கிவிட்டது. இங்கே தச்சர்கள் இருபதாம் நூற்றாண்டிலும் கையால்தான் வெட்டினார்கள். கை ரம்பத்தின் நேர்க்கோட்டுத் தடமும் அப்படியே, அரக்கு பாலிஷும் அப்படியே. பழைய முறை இருப்பது நம் ஊரில் எதையும் நிரூபிக்காது.

ஆனால் புதிய பொருள் இருப்பது நிரூபிக்கும். அதனால் எதிர்ப்பக்கத்திலிருந்து தேடுங்கள். நட்சத்திரத் தலைத் திருகாணி 1930களுக்கு முன் இல்லை. கூர்முனைத் திருகாணியின் காப்புரிமையை பர்மிங்காமின் நெட்டில்ஃபோல்ட் அன்ட் சேம்பர்லின் கம்பெனி வாங்கியது 1854இல். அதற்கு முந்தைய திருகாணிக்கு முனை மொட்டையாக இருக்கும். வட்டத் தண்டுள்ள கம்பி ஆணி பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் பரவலானது. வெள்ளைப் பசை வழிந்து காய்ந்த தடம், முதுகில் பிளைவுட், பித்தளை என்று சொன்ன கைப்பிடியில் காந்தம் ஒட்டுவது, இவையெல்லாம் அதே வரிசையில் வரும்.

ஒரே ஒரு புதுத் திருகாணியைப் பார்த்துவிட்டுத் தள்ளிவிடவும் வேண்டாம். அது யாரோ செய்த பழுதாக இருக்கலாம். கழற்றி, துளையைப் பாருங்கள். பெரிய பழைய துளைக்குள் சின்னப் புதிய திருகாணி என்றால் பழுது. துளையும் அளவெடுத்தாற்போல் புதிதாக, உள்ளே வெளுப்பாக இருந்தால், சாமானே அந்தத் திருகாணியின் வயதுதான்.

வட்ட மேஜைக்கு அழகான சோதனை ஒன்று உண்டு. விட்டத்தை ரேகை போகும் திசையில் ஒருமுறையும், குறுக்கே ஒருமுறையும் அளந்து பாருங்கள். நூறு வருஷம் காய்ந்த மரம் குறுக்கே சில மில்லிமீட்டராவது குறைந்திருக்கும். இரண்டு அளவும் அச்சாக ஒன்றாக இருந்தால் கேள்வி கேளுங்கள். பழைய மர ஆணியின் தலையும் இதே காரணத்தால் முட்டை வடிவம் ஆகியிருக்கும்.

செட்டிநாட்டுப் பகுதியில் மிக அதிகம் பார்ப்பது முழுப் போலியை அல்ல, கலப்படத்தை. பங்காளிகள் எண்ணிக்கை கூடி, பராமரிக்க முடியாமல் வீட்டைப் பிரிக்கும்போது தூண், கதவு, உத்தரம் எல்லாம் கடைக்கு வரும். கதவு காப்பி மேஜை ஆகும், ஜன்னல் கண்ணாடிச் சட்டம் ஆகும், தூணின் அடிப்பாகம் விளக்குத் தாங்கி ஆகும். கீல் வைத்த பள்ளம் அடைபட்டிருப்பது, தாழ்ப்பாள் துளை, ஒரு பக்கம் மட்டும் வெயில்பட்டு வெளுத்திருப்பது, சித்திர வேலை மேஜை விளிம்பில் பாதியில் அறுபட்டு நிற்பது, இவை காட்டிக்கொடுக்கும். பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள், மரம் அருமையாகத்தான் இருக்கும். மேஜை விலை கொடுங்கள், பழம்பொருள் விலை கொடுக்காதீர்கள்.

தேய்மானம் எங்கே இருக்கிறது என்பதையும் கையை வைத்தே பாருங்கள். கால் மிதிக்கும் குறுக்குச் சட்டம், கை உரசும் பிடி, டிராயர் அடி தேயும். யாரும் தொடாத பின்காலின் மேல்பகுதியும் அதே அளவு மழுங்கியிருந்தால், அது உப்புத்தாளின் வயது.

ரவிவர்மா படத்தில் வண்ணப் புள்ளிகள்

ரவிவர்மாவின் அச்சகம் 1894இல் பம்பாயின் காட்கோபரில் தொடங்கியது. அதன் படங்கள் கல்லச்சில் ஒவ்வொரு வண்ணமாக ஏற்றியவை. லென்ஸ் வைத்தால் ஒழுங்கில்லாத மணல்மணலான புள்ளிகள் தெரியும். வரிசை தவறாத புள்ளிகள் ரோஜா வட்டமாக அமைந்திருந்தால் ஆஃப்செட் மறுபதிப்பு. பழைய சட்டத்தில் புதுப் படம். பழைய சட்டம் என்பதால் படமும் பழசு என்று நினைத்துவிட வேண்டாம்.

படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள், வண்ணம் கண்ணாடியோடு போய்விடும். காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். பழுப்புப் புள்ளிகள் ஈரச் சுவரால் வருபவை. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே கார்க் துண்டு வைத்து இடைவெளி விட்டால் பரவுவது நிற்கும்.

சிங்கப்பூரில் இருக்கும் மகன் பெட்டகத்தைக் கேட்கிறான்

இது மரத்தின் கோளாறு இல்லை, ஆனால் இதில்தான் பணம் முழுதாகப் போகும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷமோ அதற்கு மேலோ ஆன கலை, கைவினைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கடைக்காரர் கொடுக்கும் ரசீதோ வாக்குறுதியோ சுங்கத்தில் செல்லாது. நூறு வருஷம் ஆகாத சாமான் என்றால், பார்க்கப் பழசாக இருப்பதாலேயே துறைமுகத்தில் நிறுத்துவார்கள். இந்தியத் தொல்லியல் துறையிடம் அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். எல்லாப் பக்கமும் தெளிவாகத் தெரியும் புகைப்படங்கள் தயாராக இருக்கட்டும்.

பெட்டகம் ஈட்டி மரமாக இருந்தால் இன்னொரு தடை. ஈட்டி சேர்ந்த டால்பெர்ஜியா இனம் முழுவதும் 2017 முதல் அருகிவரும் உயிரினங்களுக்கான சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் (CITES) இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு பத்துக் கிலோ வரையிலான செய்துமுடித்த பொருளுக்கு விலக்கு உண்டு. நகைப்பெட்டி அதற்குள் அடங்கும். பெட்டகம் அடங்காது.